வாதத்திலிருந்து தொடங்குங்கள்: மெய்யியல் அறிமுகப் பாடத்தை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். மெய்யியலை முதன்முதலாகக் கற்க வரும் மாணவர்களுக்கு எதை, எந்த வரிசையில் கற்பிப்பது என்று முடிவு செய்யும் பொறுப்பு உங்களிடம் இருக்கிறது. அந்த அறிமுகப் பாடத்தைக் கற்பித்துவரும் ஆசிரியர்களில் ஒருவர் என்ற முறையில் உங்களிடம் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். பாடத்தின் தலைவாயிலில் இப்போது நிற்கும் வரையறைகளையும் பெயர்ப் பட்டியல்களையும் பின்னுக்கு நகர்த்தி, அந்த இடத்தில் வாதத்தை வையுங்கள். அதன் பிறகு வரும் மெய்ப்பொருளியல், அறிவுக்கோட்பாடு, அறவியல் முதலிய கிளைகள் ஒவ்வொன்றையும், அந்தக் கிளையில் உண்மையாகவே எழுந்த ஒரு வாதத்தின் வழியாக மாணவருக்கு அறிமுகப்படுத்துங்கள்.

வழக்கமான அறிமுகப் பாடம் எப்படி அமைந்திருக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். மெய்யியல் என்றால் என்ன என்பதற்கு அறிஞர் பலர் தந்த வரையறைகள் முதலில் வரும். அடுத்து அதன் கிளைகள் அணிவகுக்கும். எது உள்ளது என்று கேட்பது மெய்ப்பொருளியல், எதை எப்படி அறிகிறோம் என்று கேட்பது அறிவுக்கோட்பாடு, எப்படி வாழ வேண்டும் என்று கேட்பது அறவியல் என ஒவ்வொன்றுக்கும் ஓரிரு வரிகள். பிறகு பண்டைய கிரேக்கரான தேலீசில் தொடங்கி இருபதாம் நூற்றாண்டு வரை கால வரிசையில் சிந்தனையாளர்கள் வருவார்கள். தருக்கவியலோ கடைசி அலகாகவோ வேறொரு தனிப் பாடமாகவோ ஒதுங்கி நிற்கும். இதன் விளைவு என்னவென்றால், ஒரு கூற்றை எடைபோடும் முறை மாணவரின் கைக்கு வருவதற்குள், எடைபோடாத கூற்றுகள் பலவற்றை அவர் மனப்பாடம் செய்து முடித்திருப்பார்.

டேக்கார்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். "நான் சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்" என்ற தொடரைத் தேர்வில் எழுதாத மாணவர் அரிது. அது ஒரு வாதத்தின் இறுதிப்படி என்று உணர்ந்து எழுதுபவர் அதைவிட அரிது. 1637இல் அவர் எழுதிய அந்தத் தொடருக்கு இட்டுச்செல்லும் வழி, 1641இல் வெளிவந்த அவருடைய தியானங்களில் விரிவாக இருக்கிறது. புலன்கள் சில வேளைகளில் ஏமாற்றுகின்றன; விழிப்பையும் கனவையும் பிரித்துக்காட்டும் உறுதியான அடையாளம் ஒன்றும் கையில் இல்லை; பேராற்றல் கொண்ட வஞ்சகன் ஒருவன் எளிய கணக்கில்கூட நம்மைத் தவறச் செய்யக்கூடும்; ஆனால் ஏமாற்றப்படுவதற்காவது நான் இருந்தாக வேண்டும் என்று அது படிப்படியாக நகர்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் லிக்டன்பெர்க் இதற்கு ஒரு மறுப்பை முன்வைத்தார். சிந்தனை நடக்கிறது என்பது வரைதான் நமக்கு உரிமை உண்டு, சிந்திக்கும் "நான்" ஒன்று உண்டு என்பது அதற்கு மேல் நாமே சேர்த்துக்கொண்டது என்பது அதன் சாரம். இந்த மறுப்பு வெல்கிறதா தோற்கிறதா என்று ஒரு வகுப்பு அரைமணி நேரம் விவாதித்தால், அந்த அரைமணி நேரத்தில் மாணவர்கள் மெய்யியலைச் செய்திருக்கிறார்கள். டேக்கார்ட்டின் பிறந்த ஆண்டையும் நூல்களின் பெயர்களையும் ஒப்பித்தால் அவர்கள் செய்தது வேறு ஏதோ ஒன்று.

வாதத்தின் அடிப்படை மிகச் சிறியது, அதனால்தான் அதை முதல் வாரங்களிலேயே கற்பிக்க முடியும் என்கிறேன். ஒரு முடிவுக்கு ஆதரவாகச் சில கூற்றுகள் முன்வைக்கப்பட்டால் அது வாதம். ஆதரவாக நிற்கும் கூற்றுகளே எடுகூற்றுகள். எந்த வாதத்திடமும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். எடுகூற்றுகள் உண்மையா என்பது ஒன்று. அவை உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் அவற்றிலிருந்து முடிவு பிறக்கிறதா என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே அன்றாட விவாதங்களில் நான் காணும் பெரும்பாலான தடுமாற்றங்களின் வேர். முடிவு பிடித்திருந்தால் வாதம் சரி, பிடிக்காவிட்டால் வாதம் தவறு என்று கொள்ளும் பழக்கம் படித்தவர்களிடமும் ஆழமாக ஊறியிருக்கிறது.

"எல்லாப் பறவைகளும் பறக்கும்; தீக்கோழி ஒரு பறவை; ஆகவே தீக்கோழி பறக்கும்" என்ற வாதத்தைப் பாருங்கள். முடிவு பொய், ஆனால் வாதத்தின் வடிவம் செல்லுபடியாகும்; அதாவது எடுகூற்றுகள் உண்மையானால் முடிவும் உண்மையாகியே தீரும். பிழை முதல் எடுகூற்றில் இருக்கிறது. "எல்லா மீன்களுக்கும் முதுகெலும்பு உண்டு, சுறாவுக்கு முதுகெலும்பு உண்டு, ஆகவே சுறா ஒரு மீன்" என்பதில் மூன்று கூற்றுகளுமே உண்மை, ஆயினும் வாதம் செல்லாது, சுறா இருந்த இடத்தில் யானையை வைத்தால் அது உடனே வெளிப்பட்டுவிடும். செல்லுபடியாகும் வடிவமும் உண்மையான எடுகூற்றுகளும் ஒருங்கே அமைந்த வாதத்தையே உறுதியான வாதம் என்கிறோம். செல்லுபடி, உண்மை, உறுதி என்ற இந்த மூன்றின் பொருளை மாணவர் தம் சொந்த எடுத்துக்காட்டுகளால் விளக்க முடிந்தால், பின்னர் வரும் எந்த மெய்யியலாளரின் வாதத்தையும் அவர் அணுக முடியும்.

இதைவிட நுட்பமான ஒரு வழுக்கலுக்குப் பாடத்தில் நிறைய இடம் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. "மருந்து பயன் தந்தால் காய்ச்சல் தணியும், காய்ச்சல் தணிந்துவிட்டது, ஆகவே மருந்து பயன் தந்தது." கேட்ட அளவில் இது இயல்பாகவே ஒலிக்கிறது. ஆனால் பல காய்ச்சல்கள் மருந்தே இல்லாமல் தாமாகத் தணியும் என்பதால் முடிவு பிறக்கவில்லை. நிபந்தனை வாக்கியத்தின் பின்பகுதியை உறுதிசெய்துகொண்டு முன்பகுதிக்குத் தாவியதே இதிலுள்ள போலி, அதாவது சரியான வாதம்போல் தோன்றும் பிழை. அதே நிபந்தனையை வைத்துக்கொண்டு, காய்ச்சல் தணியவில்லை, ஆகவே மருந்து பயன் தரவில்லை என்று வாதிட்டால் வடிவம் செல்லும். நிறைவேறிய எதிர்பார்ப்பு ஒரு கருதுகோளை நிறுவிவிடாது, பொய்த்த எதிர்பார்ப்போ அதை வீழ்த்தும் என்ற இந்தச் சமனின்மையின் மீதுதான் கார்ல் பொப்பர் 1934இல் தம் அறிவியல் முறைக் கோட்பாட்டைக் கட்டினார். மருந்து ஆய்வுகளில் மருந்து பெறாத ஒப்பீட்டுக் குழுவை ஏன் வைக்கிறார்கள் என்பதும் இந்த ஒரு போலியைப் புரிந்துகொண்டால் விளங்கிவிடும்.

இதே நுட்பம் நம் மரபில் வேறொரு வழியில் ஆழமாக ஆராயப்பட்டிருக்கிறது என்பதை மாணவர் அறியாமல் போவது எனக்கு வருத்தமளிக்கிறது. மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு என்பது, இந்தியத் தருக்கத்தை வளர்த்த நியாய மரபினரின் நிலையான எடுத்துக்காட்டு. புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்ற விலகாத தொடர்பே இந்த அனுமானத்தைத் தாங்குகிறது. அதைத் திருப்பிப்போட்டு, நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை உண்டு என்று சொல்ல முடியுமா? பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்பு இருக்கிறது, புகை இல்லை. நெருப்பிலிருந்து புகை வர ஈர விறகு என்ற கூடுதல் நிபந்தனை வேண்டும் என்று அவர்கள் காட்டினார்கள். மறைந்திருக்கும் அந்த நிபந்தனைக்கு உபாதி என்று பெயரிட்டு, ஓர் அனுமானத்தில் உபாதி ஒளிந்திருக்கிறதா என்று தேடுவதையே ஒரு பயிற்சியாக வளர்த்தார்கள். இரண்டு நிகழ்வுகள் சேர்ந்தே வருவதைக் கண்டதும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று முடிவு கட்டும் இன்றைய பழக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

தமிழில் இந்த வாத அமைப்பை முதலிலிருந்து கற்பிக்கும் பகுதி மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் இருக்கிறது. பௌத்தத் துறவியான அறவண அடிகள் மணிமேகலைக்குப் பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு), உபநயம் (பொருத்திக்காட்டல்), நிகமனம் (முடிவு) என்ற உறுப்புகளை விளக்குகிறார். இம்மலை நெருப்புடைத்து என்பது பக்கம், புகையுடைமை ஏது, அடுக்களை திட்டாந்தம். அத்துடன் நில்லாமல், பக்கத்திலும் ஏதுவிலும் திட்டாந்தத்திலும் நேரக்கூடிய போலிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டுகிறார். துறவை மேற்கொள்ளும் ஒரு பெண்ணுக்கு அறத்தின் சாரத்தைச் சொல்வதற்கு முன்னர் செல்லும் வாதத்தையும் செல்லாத வாதத்தையும் பிரித்தறியக் கற்றுக்கொடுக்கும் அந்த ஆசிரியரின் வரிசையைத்தான் நான் உங்களிடமும் கேட்கிறேன்.

தருக்கவியலின் வரலாற்றை இந்த முதற்பகுதியில் நீட்ட வேண்டியதில்லை. அரிஸ்டாட்டிலின் முறைப்படி மூன்று கூற்றுகள் கொண்ட வாதங்களுக்கு 256 வடிவங்கள் உண்டு, மரபுக் கணக்கில் அவற்றுள் 24 செல்லும் என்பதைச் சொல்லலாம். அந்த வடிவங்களுக்கு இடைக்கால ஐரோப்பியர் சூட்டிய பெயர்களை மனப்பாடம் செய்யச் சொல்வது வேண்டாம். அரிஸ்டாட்டிலுக்குப் பிறகு தருக்கவியல் ஓரடிகூட முன்னே வைக்க இயலவில்லை, அது முற்றுப்பெற்றதாகவே தோன்றுகிறது என்று 1787இல் காண்ட் எழுதினார். 92 ஆண்டுகள் கழித்து, 1879இல், ஜெர்மானியக் கணிதவியலாளர் பிரேகே, "எல்லா", "சில" போன்ற அளவுச்சொற்களைக் கையாளும் புதிய குறியீட்டு முறையை வெளியிட்டபோது அந்தத் தோற்றம் கலைந்தது. "குதிரைகள் விலங்குகள், ஆகவே குதிரையின் தலை எதுவோ அது ஒரு விலங்கின் தலை" என்ற எளிய வாதம் செல்லும் என்று எவருக்கும் தெரிகிறது, பழைய முறையால் அதை நிறுவிக்காட்ட முடியவில்லை, புதிய முறையால் முடிந்தது. முடிந்துபோனதாகத் தோன்றும் ஒரு துறையும் திறக்கக்கூடும் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டிவிட்டு நகர்ந்தால் போதும். குறியீடுகளும் உண்மை அட்டவணைகளும் அடுத்த கட்டத்துக்கு உரியவை.

போலிகளைக் கற்பிக்கும் முறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பல பாடங்கள் இருபது முப்பது போலிகளின் பெயர்களை வரிசையாகத் தருகின்றன. அதைப் படித்து வெளியேறும் மாணவர் எதிராளியின் பேச்சில் ஒரு பெயரை ஒட்டிவிட்டு விவாதம் முடிந்தது என்று நினைக்கிறார். வல்லுநர் ஒருவரின் கருத்தைச் சான்றாகக் காட்டுவது எப்போதும் போலி ஆகாது. அவர் தம் துறையைப் பற்றிப் பேசுகிறாரா, அத்துறையினரிடையே அதில் உடன்பாடு உண்டா என்பதைப் பொறுத்தது அது. பேசுபவரின் குணத்தைச் சுட்டுவதும் அப்படியே: அவர் முன்வைக்கும் வாதத்துக்கு அது மறுப்பாகாது, ஆனால் அவர் தாம் கண்டதாகச் சொல்லும் சாட்சியத்தை எடைபோடும்போது அவருடைய நேர்மை கணக்கில் வரத்தான் செய்யும். எந்தக் குறை ஏன் முடிவைத் தாங்கவில்லை என்று விளக்கத் தெரியாதவருக்குப் போலியின் பெயர் தெரிவதால் பயனில்லை; சொல்லப்போனால் தீங்கே அதிகம்.

இந்தத் தீங்கைத் தவிர்க்க, நியாய சூத்திரம் செய்யும் ஒரு பகுப்பைப் பாடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். உண்மையை அறியும் நோக்கோடு இரு தரப்பும் சான்றுகளை முன்வைப்பது அந்நூலின் வழக்கில் வாதம். வெல்வதற்காக எந்த உத்தியையும் கையாள்வது சற்பம். தனக்கென ஒரு நிலைப்பாட்டை நிறுவாமல் எதிராளியை மறுப்பதிலேயே குறியாக இருப்பது விதண்டை. வகுப்பில் விவாதம் சூடேறும்போது, நாம் இப்போது செய்வது இந்த மூன்றில் எது என்று மாணவர்களையே கேட்கச் சொல்லலாம். எதிர்த்தரப்பின் வாதத்தை அவர்கள் ஒப்புக்கொள்ளும் அளவுக்கு வலுவாக முதலில் எடுத்துரைத்துவிட்டுப் பிறகே மறுக்க வேண்டும் என்ற ஒழுங்கையும் இதனோடு சேர்த்துக் கற்பிக்க வேண்டும். எதிர்த்தரப்பின் நிலையான முதற்பக்கத்தை (பூர்வபட்சம்) முழுமையாகச் சொல்லாமல் மறுப்புக்குச் செல்லக்கூடாது என்ற இந்த ஒழுங்கு நம் உரையாசிரியர்களுக்கும் நெருக்கமானது.

இனி, கிளைகளுக்கு வருகிறேன். இவ்வளவு கருவிகளோடு வரும் மாணவரிடம் அறிவுக்கோட்பாட்டை வரையறையாகச் சொல்ல வேண்டிய தேவை இருக்காது. நின்றுபோன கடிகாரம் பத்தேகால் காட்டுகிறது; நீங்கள் அதைப் பார்த்த அந்தக் கணத்தில் உண்மையிலேயே மணி பத்தேகால். உங்கள் நம்பிக்கை உண்மை. இதுவரை சரியாக ஓடிய கடிகாரத்தைப் பார்த்தே நம்பினீர்கள் என்பதால் அதற்குத் தக்க காரணமும் உண்டு. ஆயினும் மணி பத்தேகால் என்பதை நீங்கள் அறிந்திருந்தீர்கள் என்று சொல்லலாமா? பெர்ட்ரண்டு ரசல் தந்த எடுத்துக்காட்டு இது. உண்மையான நம்பிக்கையோடு தக்க காரணமும் சேர்ந்தால் அறிவு என்ற எண்ணம் பிளேட்டோவின் தியேட்டெட்டஸ் என்ற உரையாடலிலேயே ஆராயப்பட்ட ஒன்று; 1963இல் எட்மண்டு கெட்டியர் மூன்றே பக்கக் கட்டுரையில், அந்த நிபந்தனைகள் அனைத்தும் நிறைந்தும் அறிவு இல்லாத நிலைகளைக் காட்டி அதைக் கேள்விக்குள்ளாக்கினார். ஒரு பொது வரையறையை ஒரே ஓர் எதிர் எடுத்துக்காட்டால் வீழ்த்தலாம் என்ற தருக்கப் பாடமும் அறிவு என்றால் என்ன என்ற மெய்யியல் பாடமும் இங்கே பிரிக்க முடியாதபடி ஒன்றாகவே நிகழ்கின்றன.

அளவைகளை, அதாவது அறிவைப் பெறும் வழிகளைப் பற்றிய விவாதமும் இங்கேயே இடம்பெற வேண்டும். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார், தன் கொள்கையை நிறுவும் பகுதியான சுபக்கத்தை அளவையிலிருந்துதான் தொடங்குகிறது. பலரும் பலவாக எண்ணிய அளவைகளை எடுத்துக்கூறிவிட்டு, அவையெல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்கிறது. இதற்கு எதிர்முனையில் காட்சி ஒன்றே அளவை, அனுமானம் நம்பத்தக்கதன்று என்ற உலகாயதரான சார்வாகர் நிற்கிறார்கள். நியாய மரபினர் அவர்களுக்குத் தந்த மறுமொழி மாணவர்களை எப்போதும் நிமிர்ந்து உட்காரச் செய்கிறது. அனுமானத்தை நம்பும் எதிராளி தவறான எண்ணம் கொண்டிருக்கிறார் என்பதைச் சார்வாகர் எப்படி அறிந்தார்? பிறர் மனத்தைக் கண்ணால் காண முடியாது. அவருடைய சொற்களிலிருந்து அனுமானித்துத்தான் அறிந்திருக்க வேண்டும். மறுப்பதற்கே மறுக்கப்படுவது தேவைப்படுகிறது என்றால் அந்த மறுப்பு நிற்குமா? சார்வாகருக்காக வாதிட முன்வரும் மாணவரையும் இந்த இடத்தில் ஊக்குவிக்க வேண்டும். ஏனெனில் அவர்கள் எழுப்பிய ஐயம் எளிதில் தீர்வதன்று. இதுவரை கண்டவற்றை வைத்துக் காணாதவற்றைப் பற்றி முடிவு செய்வதற்கு என்ன உரிமை என்று ஹியூம் 1739இல் மீண்டும் கேட்டார். இதுவரை அந்த முறை பலித்தது, ஆகவே இனியும் பலிக்கும் என்று விடை சொன்னால், நிறுவ வேண்டியதையே எடுகூற்றாக வைத்துக்கொண்டவர்கள் ஆகிறோம்.

மெய்ப்பொருளியலுக்குக் கிரேக்கப் புராண வீரன் தீசியசின் கப்பல் போதும். புளூட்டார்க்கு சொல்லும் அந்தக் கப்பலில் பழைய பலகைகள் இற்றுப்போகப் போக ஒவ்வொன்றாகப் புதிய பலகைகள் பொருத்தப்பட்டன. எல்லாம் மாறிய பின்னும் அது அதே கப்பலா என்று மெய்யியலாளர் வழக்காடினர். 1655இல் ஹாப்ஸ் இதைக் கூர்மையாக்கினார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவர் சேர்த்துவைத்து, அதே வரிசையில் இன்னொரு கப்பலைக் கட்டினால்? படிப்படியாகப் பழுதுபார்த்த பொருள் அதே பொருள் என்பதை ஏற்றால் முதற்கப்பலே தீசியசின் கப்பல். பிரித்த உறுப்புகளை மீண்டும் பொருத்தினால் அதே பொருள் கிடைக்கும் என்பதை ஏற்றால் இரண்டாவதும் தீசியசின் கப்பல். ஒரே பொருளோடு ஒன்றாக இருக்கும் இரண்டும் தமக்குள்ளும் ஒன்றே என்ற விதியின்படி இரு கப்பல்களும் ஒரே கப்பல் ஆக வேண்டும். ஆனால் அவை இரண்டு என்பது கண்கூடு. ஏற்கத்தக்கனவாகத் தோன்றிய எடுகூற்றுகள் சேர்ந்து முரணைப் பெற்றுவிட்டன. எதையாவது கைவிட்டே ஆக வேண்டும், எதைக் கைவிடுவது என்பதுதான் கேள்வி. மெய்ப்பொருளியலின் பெரும்பகுதி இத்தகைய நெருக்கடிகளிலிருந்தே பிறக்கிறது என்பதைக் கண்ட மாணவர், இந்த உடலும் எண்ணங்களும் மாறிக்கொண்டே இருக்க நான் எப்படி அதே ஆள் என்ற கேள்விக்குத் தாமாகவே வந்துவிடுவார். தேரின் எந்த உறுப்பும் தேர் அன்று என்று மிலிந்த மன்னனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் காட்டிய வாதத்தை அந்த நேரத்தில் அவர் கையில் கொடுக்கலாம்.

அறவியலில் இரண்டு இடங்களில் வேகத்தைக் குறைக்க வேண்டும். முதலாவது, முதல் வகுப்பிலேயே யாராவது சொல்லிவிடும் வாதம்: சமூகங்கள் எது சரி என்பதில் வேறுபடுகின்றன, ஆகவே எல்லாருக்கும் பொதுவான சரி என்று ஒன்று இல்லை. எடுகூற்று உண்மையாகவே இருக்கட்டும். முடிவு அதிலிருந்து பிறக்கவில்லை. உலகின் வடிவத்தைப் பற்றியும் மனிதர் ஒருகாலத்தில் வேறுபட்டனர், அதனால் உலகத்துக்கு வடிவமே இல்லை என்று ஆகவில்லை. இதைச் சுட்டிக்காட்டுவதால் பொது அறம் உண்டு என்று நிறுவிவிட்டதாகவும் ஆகாது. ஒரு முடிவுக்கான வாதம் தோற்றால் அந்த முடிவே பொய் என்று கருதக்கூடாது என்ற நுட்பத்தையும் இதே எடுத்துக்காட்டு கற்பிக்கிறது. இதனை ஒட்டியே, உள்ளதைச் சொல்லும் கூற்றுகளிலிருந்து செய்ய வேண்டியதைச் சொல்லும் கூற்றுக்கு நூலாசிரியர்கள் சத்தமில்லாமல் நகர்ந்துவிடுகிறார்கள் என்று ஹியூம் 1740இல் எழுதியதைக் கற்பிக்கலாம். "இது இயற்கையானது, ஆகவே நல்லது" என்பவர், இயற்கையானவை எல்லாம் நல்லவை என்ற எடுகூற்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். வெளியே கொண்டுவந்து நிறுத்தினால் அவரே அதை ஏற்கத் தயங்குவார், ஏனெனில் நோயும் இயற்கையானதே.

இரண்டாவது, தறிகெட்டு ஓடும் தண்டவாள வண்டியின் புதிர். ஐவர் மீது ஏறவிருக்கும் வண்டியை அதன் ஓட்டுநர், ஒரே ஓர் ஆள் நிற்கும் தடத்துக்குத் திருப்பலாமா என்று கேட்டு, கைதூக்கச் சொல்லி எண்ணிவிட்டுக் கலையும் வகுப்புகள் உண்டு. 1967இல் பிலிப்பா ஃபுட் இதை முன்வைத்தபோது அது தனியாக வரவில்லை. கலகக்காரர்கள் பலரைக் கொல்வதைத் தடுக்க, குற்றமற்ற ஒருவரைக் குற்றவாளியாக்கித் தூக்கிலிடும் நீதிபதியின் நிலையோடு இணைத்தே அவர் கேட்டார். இரண்டிலும் ஒருவர் இறப்பதால் பலர் பிழைக்கிறார்கள். முதலாவதை ஏற்கும் நாம் இரண்டாவதைக் கண்டு ஏன் அஞ்சுகிறோம்? தீங்கு செய்யாதிருக்கும் கடமையும் உதவிசெய்யும் கடமையும் ஒரே எடை உடையன அல்ல என்பதும், ஓட்டுநர் எதைச் செய்தாலும் தீங்கிழைக்கிறார், நீதிபதியோ உதவுவதற்காகத் தீங்கிழைக்கிறார் என்பதும் அவர் தந்த விளக்கம். இணையை விட்டுவிட்டுப் பாதியை மட்டும் கற்பிக்கும்போது வாதம் மறைந்து வெறும் கருத்துக்கணிப்பு எஞ்சுகிறது. விளைவுகளை எண்ணிப் பார்க்கும் மில்லையும் எவரையும் வெறும் கருவியாக்கக்கூடாது என்ற காண்ட்டையும் இந்த இணைக்குப் பிறகு கொண்டுவந்தால், அவர்கள் எதற்கு விடை தேடினார்கள் என்பது மாணவருக்கு முன்பே தெரிந்திருக்கும்.

அரசியல் மெய்யியலுக்கு, தம் செல்வமும் திறமையும் சமூகநிலையும் இன்னவென்று அறியாதவர்கள் கூடிச் சமூக விதிகளை வகுத்தால் எவற்றைத் தேர்வார்கள் என்று ஜான் ரால்ஸ் 1971இல் எழுப்பிய கேள்வியைத் தொடக்கமாகக் கொள்ளலாம். அழகியலுக்கு, சுவை ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதையும் சில படைப்புகளை மட்டமானவை என்று நாம் தயங்காமல் சொல்வதையும் எப்படிப் பொருத்துவது என்று ஹியூம் 1757இல் எழுதிய கட்டுரையின் கேள்வி போதுமானது.

உங்கள் குழுவில் எழக்கூடிய மறுப்புகளையும் எண்ணிப் பார்த்தேன். தருக்கம் வறண்டது, அதில் தொடங்கினால் மாணவர் ஓடிவிடுவர் என்பது ஒன்று. வெறும் வடிவங்களாகவும் குறியீடுகளாகவும் தொடங்கினால் அது உண்மைதான். ஆனால் மருந்தும் காய்ச்சலும், புகையும் நெருப்பும், கப்பலும் நீதிபதியும் வறண்டவை அல்ல; வறட்சி கற்பிக்கும் முறையிலிருந்து வருகிறது. வரலாறு பாழாகிவிடும் என்பது மற்றொன்று, இதுவே கனமான மறுப்பு. ஒரு வாதத்தை அதன் காலத்திலிருந்து பிய்த்தெடுத்தால் அது யாருக்கு எதிராக, எந்த அச்சத்திலிருந்து எழுந்தது என்பது தெரியாமல் போகும். டேக்கார்ட்டின் ஐயம் அவர் காலத்துப் புதிய அறிவியலின் பின்னணியில்தான் முழுமையாக விளங்கும். ஆகவே வரலாற்றை நீக்கச் சொல்லவில்லை. முதலில் வாதத்தைப் பிடித்துக்கொண்ட மாணவர், அது ஏன் அப்போது எழுந்தது என்ற கேள்வியோடு வரலாற்றுக்குச் செல்லட்டும் என்கிறேன். அந்தக் கேள்வியோடு செல்பவருக்குக் கால வரிசை நினைவில் நிற்கும்.

பாடத்திட்டத்தை மாற்றியும் தேர்வை அப்படியே விட்டால் எதுவும் மாறாது. "மெய்யியலின் கிளைகளை விவரிக்க" என்ற வினா தாளில் இருக்கும் வரை அதற்குரிய பதிலைத்தான் எல்லாரும் தயாரிப்பார்கள், ஆசிரியர்களும் அதையே தயாரிக்கச் சொல்வார்கள். அதற்கு மாறாக, மாணவர் இதற்கு முன் பார்த்திராத ஒரு பத்தியைக் கொடுங்கள். அதன் முடிவு எது, எடுகூற்றுகள் எவை, சொல்லாமல் விட்ட எடுகூற்று எது என்று எழுதச் சொல்லுங்கள். பிறகு அந்த வாதத்துக்கு எழக்கூடிய மிக வலுவான மறுப்பை எழுதி, அதற்கு ஆசிரியர் தரப்பிலிருந்து சொல்லக்கூடிய மறுமொழியையும் எழுதச் சொல்லுங்கள். இதற்கு மனப்பாடம் உதவாது. திருத்துவோருக்கு இது கூடுதல் உழைப்பைத் தரும் என்பதை அறிவேன். மாதிரி விடைகளை வைத்து அவர்களுக்கு முன்கூட்டியே பயிற்சி அளிப்பதற்கான ஏற்பாடும் இந்த வேண்டுகோளில் அடங்கும்.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் மாற்றுவது இயலாது என்றால், வரும் ஆண்டில் முதல் நான்கு வாரங்களை வாதத்துக்கு ஒதுக்கி, தேர்வுத் தாளில் மேற்சொன்ன வகை வினா ஒன்றைக் கட்டாயமாக்குங்கள். அந்த வினாவுக்கான மதிப்பெண் விதிகளில், மாணவர் எந்த முடிவுக்கு வந்தார் என்பதற்கு மதிப்பெண் கிடையாது, அந்த முடிவை அவர் எப்படித் தாங்கினார் என்பதற்கே மதிப்பெண் என்று வெளிப்படையாக எழுதுங்கள். ஒரே வினாவுக்கு எதிரெதிர் முடிவுகளோடு எழுதப்பட்டு, இரண்டும் முழு மதிப்பெண் பெற்ற இரண்டு மாதிரி விடைகளையும் அந்த விதிகளோடு சேர்த்து எல்லா மாணவர்களும் படிக்கும்படி வெளியிடுங்கள்.

மிக்க மதிப்புடன்,
மெய்யியல் அறிமுகப் பாடத்தைக் கற்பித்துவரும் ஓர் ஆசிரியர்